சுருள்வில்லும் காற்றுவில்லும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, அவர்கள் எதிர்பார்த்தவை கல்லூரி நினைவுகளே என்பதை யாம் அறியாமலில்லை. ஆயினும், விடுதி வாழ்க்கையையும் விளையாட்டுப் போட்டிகளையும் பற்றி எம்மினும் சுவைபட எழுத வல்லார் பலர் உளர். அவர்கள் துறையில் யாம் கை வைத்தல் முறையன்று. எம்மிடம் உள்ளது, பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் யாம் கற்ற இரண்டு விதிகளைப் பற்றிய ஒரு சிறு வரலாறு. அவ்விரு விதிகளும் எம்முள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, கடல் கடந்து வந்த ஒரு கடிதத்தினால் விழித்தெழுந்தன.

இக்காலத்திற் கடிதமென்பது கைத்தொலைபேசியில் வருவதேயாம். எனினும் எம் சகோதரியின் மகன், "அன்புள்ள மாமா அவர்கட்கு" என்று முறைப்படியே அதனைத் தொடங்கியிருந்தார். அவர் தம்பலகாமத்திற் பிறந்தவர். எமது கல்லூரியிலேயே கற்றவர். நாட்டில் நிகழ்ந்த போரினால் இளமையிலேயே புலம்பெயர்ந்து, இப்பொழுது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வடபகுதியில் ஒரு சிற்றூரில் மின்சார வேலை செய்து வாழ்பவர். கடிதத்தின் சாரம் இது: "மாமா, எனது பனியூர்திக்குப் புதிய சொக் அப்சோபர் வாங்கவேண்டும். சுருள்வில் பூட்டியதை வாங்குவதா, காற்று அடைத்ததை வாங்குவதா என்று தெரியவில்லை. கடைக்காரர் ஒன்று சொல்கிறார். நண்பர்கள் வேறொன்று சொல்கிறார்கள். ஊக்கின் விதியையும் போயிலின் விதியையும் எனக்குப் படிப்பித்தவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள்."

வெண்பனியைக் கண்டறியாத எம்மனோர்க்குப் பனியூர்தி இன்னதென்று முதலிற் சொல்லல் வேண்டும். முன்புறம் சில்லுகளுக்குப் பதிலாக இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்புறம் புல்டோசரின் சங்கிலியை ஒத்து முடிவின்றிச் சுழலும் அகன்ற இறப்பர்ப் பட்டி. நடுவே மோட்டார்ச் சைக்கிளிற் போல இருக்கையும் கைபிடியும். ஆங்கிலத்தில் ஸ்னோமொபீல் என்பர். செல்வர்களின் விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும் இவ்வூர்தியின் பிறப்பில் ஒரு பெருந்துயரம் உண்டு. கியூபெக் மாகாணத்து வல்கூர் என்னும் ஊரில் மோட்டார் வண்டிகளைத் திருத்தும் தொழில் புரிந்த யோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர் என்பாரின் இரண்டு வயது மகன், 1934ஆம் ஆண்டு பனிக்காலத்திற் குடல்வால் அழற்சியினால் இறந்தான். வழியெல்லாம் பனி மூடிக் கிடந்தது. குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல ஊர்தி இல்லை. பனிமீது ஓடும் வண்டியொன்றைச் செய்ய அதற்கு முன்னரே முயன்றுகொண்டிருந்த அத்தந்தை, 1937இல் தமது பட்டிப் பொறிக்கு ஆக்கவுரிமை பெற்று, மருத்துவரையும் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லும் பெரிய ஊர்திகளைச் செய்தார். ஒருவர் இருவர் ஏறிச் செல்லும் சிறிய ஊர்தி 'ஸ்கீ-டூ' என்னும் பெயருடன் 1959இல் விற்பனைக்கு வந்தது.

எம் மருமகனும் அதனை விளையாட்டுக்காக வைத்திருக்கவில்லை. காட்டுவழியிற் பனிக்குள் அகப்பட்டோரையும் காயமுற்றோரையும் தேடிச் சென்று மீட்டுவரும் தொண்டர் குழுவொன்றில் அவர் ஓர் உறுப்பினர். போகும்பொழுது தனியே போவார்; வரும்பொழுது பின்னிருக்கையில் ஒருவரை இருத்திக்கொண்டு வருவார். அதற்கு முந்திய பனிக்காலத்தில், விலா எலும்பு முறிந்த முதியவர் ஒருவரை அவ்வாறு கொண்டுவந்தாராம். வழிநெடுக ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் அம்முதியவர் முனகிய முனகல் இன்னும் தமது காதை விட்டு நீங்கவில்லை என்று எழுதியிருந்தார். அதனாலேயே புதிய வில்லைத் தேடினார். கேள்வி சிறிதாயினும், யாம் விளையாட்டாக விடை எழுதக் கூடியதன்று.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி சிறிது செய்தலை அன்பர்கள் பொறுத்தருள்க. அதிர்ச்சி தாங்கும் உறுப்பைத் தமிழர் 'வில்' என்றனர். வில்லுவண்டி என்னும் சொல்லை எமது பாட்டனாரும் அறிவர். ஆய்வுகூடத்தில் யாம் விற்றராசு கொண்டு நிறுத்தோம். எமது கல்லூரியின் அதிபராயிருந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் கற்பித்தவர். விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியிலும் ஈடுபட்டவர். கலைச்சொற் பற்றி அவர் வழியில் வந்தோர்க்கு, சுருளாக வளைத்த இரும்பைச் சுருள்வில் என்பதில் ஐயமில்லை. காற்றை எங்ஙனம் வில் என்பது? அதற்கும் தக்க சான்று உண்டு. றொபட் போயில் 1660இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'காற்றின் வில்' என்னும் பொருள்படும் தொடர் இருக்கின்றது. போயிலுக்கு அக்காற்றுப் பம்பியைச் செய்து கொடுத்த உதவியாளர் யார் என்றால், பின்னர் 1678இல் இரும்பு வில்லின் விதியை விளக்கி வெளியிட்ட அதே றொபட் ஊக்கு! எம் மருமகன் கடையில் நின்று தடுமாறிய இரண்டு பொருள்களும், ஒருகாலத்தில் ஒரே கூடத்தில் வேலை செய்த இருவரின் பெயரைத் தாங்கியவை. இதனை எண்ணி யாம் சிறிது மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

ஆய்வுகூடத்து நினைவு இனித் தப்பாது வரும். சுருள்வில்லைத் தூக்கி, நிறைப்படிகளை ஒவ்வொன்றாக இட்டு, நீட்சியை அளந்து வரைபுத்தாளிற் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். இரட்டித்த நிறைக்கு இரட்டித்த நீட்சி. அது ஊக்கின் விதி. மறுவாரம், வளைந்த கண்ணாடிக் குழாயில் இரசத்தை ஊற்றி, அடைபட்ட காற்றை ஒடுக்குவோம். 10 சதமமீற்றர் நீளமுள்ள காற்று 5 ஆக ஒடுங்க அமுக்கம் இரட்டிக்கும், 2.5 ஆக ஒடுங்க நான்கு மடங்காகும்; 1 ஆக ஒடுங்கினாலோ பத்து மடங்கு. வரைபு நேர்கோடன்று; வரவரச் செங்குத்தாக எழும் வளைகோடு. நேர்கோடு வந்தோர் அதனைப் பார்த்து எழுதியிருப்பர் என்று எம் ஆசிரியர் உடனே கண்டுபிடித்துவிடுவார். யாமும் ஒருமுறை அகப்பட்டோம்.

பனியூர்தியின் வில்லிலும் இவ்விரு கோடுகளே உள்ளன. சுருள்வில் முதல் அங்குலத்துக்கும் கடைசி அங்குலத்துக்கும் ஒரே வகையில் விடை கூறும். ஆதலால் பெரும் பள்ளத்தில் விழுந்தால், சுருள் முழுதும் ஒடுங்கி 'டக்' என்று அடி தட்டும். காற்றுவில்லோ ஒடுங்க ஒடுங்க முரண்டு பிடிக்கும். இலகுவில் அடி தட்டாது. விரைந்து ஒடுக்குங்கால் காற்றுச் சூடேறுவதனால், போயில் சொன்னதிலும் சற்று மிகுதியாகவே எதிர்க்கும். இரும்பு இல்லாமையால் நிறையும் குறைவு. ஏறுபவர் பருத்தவராயின், சிறு கைப்பம்பினால் இன்னுங் கொஞ்சம் காற்றை அடித்துக்கொள்ளலாம். இவையெல்லாம் காற்றுவில்லின் நலன்கள். மலைச்சரிவிற் பாய்ந்து விளையாடுவோர் அதனை விரும்புதல் இயல்பே.

இனி அதன் குறைகள். காற்றை அடைத்து வைப்பதற்குத் தண்டைச் சுற்றி இறப்பர் வளையங்கள் இறுகப் பற்றியிருத்தல் வேண்டும். அப்பிடியின் உராய்வைக் கடந்த பின்னரே வில் அசையும். சிறு மேடுகளின் அதிர்ச்சி அவ்வுராய்வைக் கடக்குமுன்னர் நேரே இருக்கைக்கு வந்துவிடும். சுருள்வில்லுக்கு இப்பிடிவாதம் மிகக் குறைவு. இரண்டுக்கும் உள்ளே எண்ணெய்க் குழல் உண்டு. வில்லின் வேலை அதிர்ச்சியை வாங்கி வைத்தல். எண்ணெயின் வேலை அதனை மெல்லச் செலவழித்தல். எண்ணெய் இல்லாவிடின் வண்டி நின்ற இடத்திலும் ஆடிக்கொண்டேயிருக்கும்.

இவ்விடத்தில் எமது ஊர் இளைஞர் சிலரின் மயக்கத்தையும் தெளிவித்துவிடுகிறோம். தமது மோட்டார்ச் சைக்கிளில் 'கேஸ் சொக்' பூட்டியிருப்பதாகவும், அதனாற் காற்றின் மீதே தாம் மிதந்து செல்வதாகவும் ஒருவர் எம்மிடம் பெருமை பேசினார். யாம் குனிந்து பார்த்தோம். தடித்த இரும்புச் சுருள் கண்முன்னே வளைந்து நின்றது! எண்ணெய் நுரைத்துப் போகாதபடி அதனை அமுக்கி வைத்தற்கு நைதரசன் வாயுவைச் சிறு கலத்தில் அடைப்பர். கேஸ் என்பது அதுவே. அவரைத் தாங்கியது இரும்புதான். சொன்னோம், அவர் நம்பவில்லை.

மருமகனின் ஊருக்கு வருவோம். காற்றுவில்லுக்கு அங்கே ஒரு பெரும் பகை உண்டு, அது குளிர். அடைபட்ட காற்றின் அமுக்கம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். தம்பலகாமத்தில் இரவு 24 பாகையும் நண்பகல் 36 பாகையும் என்று கொண்டால், தனிவெப்பநிலை அளவில் அவ்வேறுபாடு நூற்றுக்கு நான்கே, யாரும் உணரார். அவரோ 20 பாகையுள்ள கராஜில் வண்டியை ஆயத்தஞ் செய்து, பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகைக் குளிரில் ஓட்டிச் செல்பவர். 293 என்பது 243 ஆகிவிடும். கராஜிற் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் காட்டிய மானி, வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், வெளியே 47 அல்லது 48 இறாத்தல் அளவிலேயே நிற்கும். அந்த மெலிந்த வில்லின் மீதே விலா முறிந்தவரை இருத்துவர். ஓடி ஓடிச் சூடேறிய பின் அமுக்கம் மறுபடியும் உயரும். இரும்புச் சுருளுக்கு இத்தொல்லை ஒன்றும் இல்லை; கராஜிலும் காட்டிலும் அது ஒரே குணமுடையது.

இக்கணக்கை முடித்தவுடன் எமக்குத் தோன்றிய விடை ஐயத்துக்கிடமற்றதாயிருந்தது. அதனை உறுதிப்படுத்த ஒரு பழைய நிகழ்ச்சியும் நினைவுக்கு வந்தது. அது 1974ஆம் ஆண்டு ஆடி மாதத்து இரவொன்றில் நிகழ்ந்தது.

சிறுபோக வயல் கதிர் முற்றி நின்ற காலம். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் எமது வயலிற் பன்றிக் காவலுக்குச் சென்ற தந்தையார், காவற் பரணிலிருந்து இறங்கும்பொழுது ஏணிக்கால் முறிய விழுந்து தொடையெலும்பை உடைத்துக்கொண்டார். அக்காலத்தில் எம் அயலில் மோட்டார் வண்டி வைத்திருந்தோர் ஓரிருவரே. அவ்விரவில் அவ்வண்டிகளும் ஊரில் இல்லை. தமையனாரின் லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்திற் பெட்டியைப் பூட்டி, வைக்கோல் பரப்பி, அதன் மேற் பாய் விரித்துத் தந்தையாரைக் கிடத்தினோம். கண்டி வீதியை அடைந்தால் திருகோணமலைக்கு ஏதேனும் ஒரு வாகனம் கிடைக்கும். அதுவரை கிரவல் பாதை.

உழவு இயந்திரப் பெட்டிக்கு வில் என்று ஒன்றும் கிடையாது. அச்சின் மீது மரத்தளம், அவ்வளவே. கச்சான் காற்று வீசி மண் காய்ந்த காலத்துக் கிரவல் பாதையை அறிந்தோர் அறிவர்: பெரிய பள்ளங்களைவிட, கடற்கரை மணலில் அலை வரைந்தாற் போன்று குறுக்கே ஓடும் சிறு சிறு மேடுகளே அங்கு மிகுதி. பள்ளம் கண்ணுக்குத் தெரியும்; தமையனார் வேகத்தைக் குறைத்து மெல்ல இறக்கி ஏற்றுவார். சிறு மேடுகளுக்கு என் செய்வது? அவை முடிவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த தந்தையார், நூறு முழம் போகுமுன் நிறுத்தும்படி கையைக் காட்டினார். முனகவும் அவருக்கு மூச்சு இல்லை.

அப்பொழுது ஆய்வுகூடத்து இரசக்குழாய் எம் நினைவுக்கு வந்தது. பெட்டிக்கு வில் இல்லையாயினும் ரயருக்குள் காற்று இருக்கிறதன்றோ? அதுவும் ஒரு காற்றுவில்லே. பெல்பாஸ்ற் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த டன்லொப், 1888இல் தம் சிறு மகனின் முச்சக்கர சைக்கிளுக்குக் காற்றுக் குழாய் சுற்றியதும் இவ்வதிர்ச்சியைத் தணிக்கவே. பெட்டியின் இரண்டு ரயர்களிலும், இறப்பர் மண்ணிற் படிந்து பரக்கும் வரைக்கும் காற்றைத் திறந்துவிட்டோம். தமையனார் கோபித்தார், எனினும் வண்டி மறுபடி நகர்ந்தபொழுது அதிர்ச்சி பாதியாகக் குறைந்ததை அவரும் கண்டார். ஆதிகோணநாயகர் கோயிற் பக்கமாகத் திரும்புகையிற் தந்தையார் கையை மெல்ல எடுத்துக் கும்பிட்டார். எமக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்து நான்கு வயது. படித்த படிப்புத் தந்தையின் வலியைத் தணித்ததென்றால் யாருக்குத்தான் பெருமை வராது?

பெருமை கால்மணி நேரமும் நிற்கவில்லை. ஓரத்திற் கிடந்த சூரைமுட் கிளையொன்றில் இடப்பக்கத்து ரயர் ஏறியது. மெலிந்து பரந்திருந்த ரயர், முள்ளை விலக்கித் தள்ளாமல் முழுதாக வாங்கிக்கொண்டது. மிகுதிக் காற்றும் போயிற்று. இரும்பு வளையம் இறப்பரை அரைத்துக்கொண்டு சென்ற அந்த அரைக் கட்டைத் தூரத்தை யாம் மறந்துவிட முயன்றதுண்டு. தந்தையார் அதன் பின்னர் அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. பேசியிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

ஆகவே மருமகனுக்குக் கடிதம் எழுதினோம். தாளில் எழுதிப் பேர்த்தியிடம் கொடுத்தால் அவள் படம் பிடித்து அனுப்புவாள். அதுவே எமது வழக்கம். "தம்பி, காற்றை நம்பாதே. குளிரில் அது மெலியும்; வளையம் கிழிந்தால் நடுக்காட்டில் வண்டி படுத்துவிடும். நோயாளியை வருத்துவது பெரும்பள்ளம் அன்று, ஓயாத சிறுமேடே. அதற்குச் சுருள்வில்லே மெதுமையானது. முன்னும் பின்னும் சுருள்வில்லையே பூட்டு" என்று நான்கு பக்கம் எழுதி, கணக்கையும் வரைபையும் சேர்த்து மேசைமீது வைத்துவிட்டுப் படுத்தோம்.

உறக்கம் வரவில்லை. 1974ஆம் ஆண்டு இரவு, சூரைமுள்ளோடு முடிந்துவிடவில்லை என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு வாதத்துக்கு வேண்டிய மட்டும் கதையை நினைத்துக்கொண்டு மிகுதியை மறப்பது, வழக்கறிஞர்க்கு ஆகலாம். ஆசிரியத் தொழில் செய்தவர்க்கு அழகன்று.

கண்டி வீதிக்கு வந்து சேர்ந்தபொழுது நள்ளிரவு கடந்திருந்தது. சிறிது நேரத்தில் திருகோணமலைப் பக்கமாக ஒரு லொறி வந்தது. யாம் நடுவீதியில் நின்று மறித்தோம். சாரதி இறங்கி வந்தார்; விளக்கைப் பிடித்துத் தந்தையாரின் காலைப் பார்த்தார்; பின்னர், தமது லொறியில் ஏற்ற இயலாது என்று கூறிவிட்டார். யாம் கொதித்தெழுந்தோம். சொல்லத் தகாத சொற்களையும் சொன்னோம். அவர் பொறுமையாகவே இருந்தார். "தம்பி, இது வெறும் லொறி. இருநூறு மூட்டைக்குப் போட்ட வில். வெறும் லொறியில அது வில் இல்லை, பாறாங்கல்லு. ஐயாவை இதில ஏற்றினால் அவர் துள்ளித் துள்ளி விழுவார். எனக்குப் பின்னால என்ர கூட்டாளி நெல்லு மூட்டையோட வாறான். அதில ஏற்றுங்கோ" என்றார். சொன்னதோடு போய்விடவில்லை, கூட்டாளி வரும்வரை விளக்கைப் போட்டுக்கொண்டு எம்மோடு நின்றார்.

அரைமணி நேரத்தில் நெல் லொறி வந்தது. மூட்டைகளின் மேற் தந்தையாரைக் கிடத்தினோம். வீதியும் தார் வீதிதான். ஆயினும் அன்றைய தார் வீதிகளிற் குழிகளுக்குப் பஞ்சமில்லை. இரும்புத் தகடுகளை அடுக்கிய அந்த வில், பாரத்தினால் வளைந்து, தனக்குரிய வேலையைச் செய்தது. லொறி தொட்டில் போல மெல்ல எழுந்து மெல்லத் தாழ்ந்தது. திருகோணமலை எல்லைக்குள் நுழையுமுன் தந்தையார் உறங்கிவிட்டார். பின்னர் பதினொரு ஆண்டுகள் கைத்தடியூன்றி நடந்து வாழ்ந்தார். அச்சாரதியின் பெயரையும் யாம் கேட்டு வைக்கவில்லை. சொன்ன சொற்களுக்கு மன்னிப்பும் கேட்கவில்லை.

ஊக்கின் விதியை நேர்கோடாக வரையத் தெரிந்த எமக்கு, அந்நேர்கோட்டின் மீது எவ்விடத்தில் நிற்கிறோம் என்பதே பெரிதென்று தெரிந்திருக்கவில்லை. சாரதிக்குத் தெரிந்திருந்தது. பாரத்துக்கு ஏற்ற வில்தான் வில். இலகுவான பாரத்துக்கு வன்மையான வில் கல்லாகும். மிகுந்த பாரத்துக்கு மென்மையான வில் அடி தட்டிக்கொண்டே போகும். எம் மருமகன் போவது தனியே, வருவது இருவராக. அவர் ஒருவரின் நிறைக்கு ஏற்ற சுருளைப் பூட்டினால், நோயாளி ஏறியவுடன் அது ஒடுங்கிக் கிடக்கும். இருவருக்கு ஏற்ற சுருளைப் பூட்டினால், தனியே போகையில் அவர் வெறும் லொறியின் சாரதியாவார். சுருளின் அடிவளையத்தைத் திருகி முன்கூட்டியே சிறிது அழுத்தி வைக்கலாம் என்பது உண்மை. அதனால் வண்டியின் உயரம் மாறும். வில்லின் வன்மை மாறாது. காட்டு நடுவே, கைவிறைக்கும் குளிரில், நோயாளி ஏறியபின் வன்மையையே மாற்றவல்லது காற்றுவில் ஒன்றுதான். ஒரு சிறு பம்பும் இரண்டு நிமிடமும் போதும்.

விடியுமுன் எழுந்து முதற் கடிதத்தைக் கிழித்தோம். இரண்டாவது கடிதம் ஒரு பக்கந்தான். முன்புறத்துச் சறுக்குக் கட்டைகளின் மேற் பாரம் அதிகம் மாறுவதில்லை. பின்னிருக்கையில் ஏறுபவரின் நிறை பெரும்பாலும் பின்புறத்துக்கே போகும். ஆதலால் முன்னே சுருள்வில்லும் பின்னே காற்றுவில்லும் பூட்டுமாறு எழுதினோம். காற்றுவில்லின் குறைகளையும் மறைக்கவில்லை. கராஜினுள் வைத்து அமுக்கம் பார்க்காதே. வண்டியை முற்றத்தில் ஒரு மணி நேரம் நிறுத்திக் குளிரவிட்டு அதன் பின்னரே பார். தனிக்கு ஓர் அளவும் இருவருக்கு ஓர் அளவும் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துக் குறித்து வை. பம்பை இருக்கைக்குக் கீழேயே வை. மனைவியின் சைக்கிளுக்கு என்று எடுத்துப் போகாதே. ஒவ்வொரு பனிக்காலத் தொடக்கத்திலும் இறப்பர் வளையங்களை, பழுதடையக் காத்திராமல், மாற்றிவிடு. தண்டிற் படியும் பனிக்கட்டியைச் சுரண்டாமல் துடைத்து எடு. கீறல் விழுந்தால் வளையம் கெடும். பின்புறத்துக் காற்று முழுதும் போய்விட்டால் ஊர் வந்து சேருமளவுக்குத் தாங்கத்தக்கதாக, பட்டியின் சட்டத்தில் முறுக்குவில்லும் உண்டா என்று கடைக்காரரிடம் கேள். இல்லையென்றால் வேறு கடைக்குப் போ. இவ்வளவே எழுதினோம்.

பேர்த்தி படம் பிடித்து அனுப்பினாள். கடைசி வரியைப் படித்துச் சிரித்தாள்.

மூன்று கிழமைவரை மறுமொழி இல்லை. தை பிறந்த பின்னர் வந்தது. அவர் யாம் சொன்னபடியே பூட்டியிருக்கிறார், முறுக்குவில்லும் உண்டாம். பூச்சியத்துக்குக் கீழ் 28 பாகையில் முற்றத்தில் நின்று அமுக்கம் பார்த்ததில், கராஜிற் காட்டியதற்கும் அதற்கும் 12 இறாத்தல் வேறுபாடாம். "உங்கள் கணக்குக்கு மிக நெருங்கி வந்தது, மாமா" என்று எழுதியிருந்தார். முன்னே சுருள்வில் சிறு மேடுகளை விழுங்கிவிடுகிறதாம். பின்னே காற்றுவில், தனியே செல்லும்பொழுது சிறிது முரடாகத்தான் இருக்கிறதாம். அது வளையங்களின் உராய்வென்றே யாம் கருதுகிறோம். ஓட ஓடச் சிறிது தணியக்கூடும்.

இருவர் நிறைக்கு அளவு பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. மனைவியார் குளிருக்கு அஞ்சி மறுத்துவிட்டார். செய்தி கேள்விப்பட்டுத் தாமாகவே வந்து பின்னிருக்கையில் ஏறியவர், விலா எலும்பு கூடி நலமடைந்திருந்த அந்த முதியவராம். எம் மருமகன் அவரை அன்று வந்த அதே காட்டுவழியில், அதே வேகத்தில் ஓட்டிச் சென்று திரும்பினார். இறங்கியதும் எப்படியிருந்தது என்று கேட்டதற்கு, இருக்கை மிகவும் குளிர்கிறது, அதற்கும் ஏதாவது செய் என்றாராம்.